ஆர்வில் வராததால் ஜெயித்த சீசன்

ஒற்றுமையைத் தேடி மனிதகுலம் நாடாளுமன்றங்களைக் கட்டியது, உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டது, மாநாடுகள் கூட்டி மதிய உணவு பரிமாறியது. எல்லாம் அறியாமையால் நேர்ந்த வீண் செலவு. எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், காபி எந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவே தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கக் கூடும் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்துக் குழுவை ஒரே ஒரு முறை வந்து பார்த்திருந்தால் உலகத் தலைவர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அதன் துணைத் தலைவர் என்பதால் இதைச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் அணிக்கு ஒரு பெயர் உண்டு. விஸ்கான்சினின் இந்த ஏரிக்கரையில் அதை யாரும் உச்சரிப்பதில்லை. "நாம" என்றுதான் சொல்வோம். "நாம நேத்து ஜெயிச்சோம்", "நம்ம தடுப்பு வரிசை இந்த வருஷம் ஓட்டை", "நாம அந்தப் பையனை வாங்கியிருக்கவே கூடாது." இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவரும் பந்தைத் தொட்டதில்லை. மைதானம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. என்றாலும் அணியின் வெற்றி எங்கள் அடித்தளத்தில்தான் தயாராகிறது என்பது ஊரறிந்த விஷயம். மைதானத்தில் நடப்பது அதன் விநியோகம் மட்டுமே.

தயாரிப்புக்கு ஒரே ஒரு விதி. ஜெயித்த வாரம் எது எப்படி இருந்ததோ, தோற்கும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். யார் எங்கே உட்கார்ந்தார், என்ன உடுத்தினார், எதைத் தின்றார், என்ன சொன்னார், எதிலும் கை வைக்கக் கூடாது. இந்த மகத்தான விதியை வகுத்தவர் ஆர்வில் லிண்ட்க்விஸ்ட். காகித ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், குழுவின் நிறுவனர். கூட்டத்துக்கு முன்பு மடக்கு நாற்காலிகளைப் போடுபவரும், முடிந்ததும் அவற்றை மடித்து அடுக்குபவரும் அவரே. நிறுவனர்களுக்கு இப்படிச் சில கௌரவங்கள் உண்டு.

அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். ஆர்வில் இரண்டுக்கும் வந்திருந்தார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை, கூரை விளிம்புக் குழாயில் அடைத்திருந்த மேப்பிள் இலைகளை அள்ள ஆர்வில் ஏணி ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொள்ளும் மனைவி மார்லிஸ் அந்த வசந்த காலத்தில்தான் இறந்துபோயிருந்தார். ஆர்வில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கூப்பிட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் ஏணியைப் பிடித்திருப்போம். அது தொலைக்காட்சியில் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்கள் இல்லாத சனிக்கிழமையாக மட்டும் இருந்திருந்தால்.

மறுநாள் காலை பாஸ்டர் சிக்ரிட், எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது பற்றிப் பேசினார். "படுத்துக் கிடக்கிறவருக்காக உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் செய்யும் ஜெபம் நல்லது. அவர் வாசலில் கேட்கும் உங்கள் பூட்ஸ் சத்தம் அதைவிட நல்லது" என்றார். எங்களில் பலருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்களுடனேயே அடித்தளத்துக்கு இறங்கி ஆட்டம் பார்க்க உட்கார்ந்தோம்.

அன்று நாம ஜெயித்தோம்.

ஆகவே அன்றைய ஏற்பாடு அப்படியே உறைய வைக்கப்பட்டது. எங்கள் தலைவர் டெல்மர் தோர்சன் தன் கண்ணாடியை உடைத்துவிட்டு, மனைவியின் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து சீசன் முழுவதும் அதையே மாட்டினார். ஆட்டங்கள் அவருக்குப் பச்சைப் பின்னணியில் நகரும் குழம்பாகவே தெரிந்தன. வெற்றிப் புள்ளி விழுந்த நொடியில் நான் கொதிகலன் பக்கத்துப் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, கையில் பாதி கடித்த சாசேஜுடன் நின்றிருந்தேன். அதன்பின் என் பணி அதுவே. முழங்கால் வீங்கியது. மருத்துவர் காரணம் கேட்டார். சொன்னேன். அவரும் எங்கள் அணிக்காரர் என்பதால் புரிந்துகொண்டு, சாசேஜை இடது கைக்கு மாற்றக் கூடாது என்று எச்சரித்தார்.

எங்கள் நிபுணர் லைலின் நிலைமைதான் கொடுமை. லைல் வானொலியில் வரும் கால்பந்து விவாதங்களைத் தூக்கத்திலும் கேட்பவர். அன்று அவர், "இன்னைக்கு நாம தோக்கத்தான் போறோம். நம்ம குவார்ட்டர்பேக் பையனுக்குத் தோள் போச்சு. பந்து அவன் கையை விட்டுக் கிளம்பறப்பவே அழுதுட்டே போகுது" என்று கணித்திருந்தார்.

அதற்கு டெல்மர், "வாயை மூடுய்யா, உன் தோளைப் பாரு முதல்ல. மளிகைப் பையைத் தூக்கவே பொண்டாட்டியைக் கூப்பிடற ஆளு!" என்றிருந்தார்.

இந்த உரையாடலும் உறைந்தது. பந்தை எறியும் அந்தப் பையனின் தோள் அக்டோபரில் பூரணமாகக் குணமாகிவிட்டது. ஆனாலும் லைல் வாரந்தோறும் அது போய்விட்டதாக அறிவித்தார். வெறும் ஒப்புக்குச் சொன்னால் பலிக்காது என்பதால் உண்மையான துக்கத்தோடு அறிவித்தார். டெல்மரும் அதே கோபத்தோடு மளிகைப் பையைக் குறிப்பிட்டார். நவம்பரில் லைலின் மனைவி இது பற்றி டெல்மரின் மனைவியிடம் முறையிட்டார். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. வெற்றிக்கு விலை உண்டு.

பாஸ்டரிடமும் ஒரு தூதுக்குழு சென்றது.

"பாஸ்டர், போன ஞாயித்துக்கிழமை நீங்க பேசின அதே பிரசங்கத்தை இந்த வாரமும் பேசணும்" என்றார் டெல்மர்.

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அதையேவா? நிஜமாவா? உங்க மனசை அவ்வளவு தொட்டுடுச்சா?"

"ஆமா. ஒரு வார்த்தை மாறக்கூடாது. நடுவுல ஒரு தடவை தும்மினீங்க, அதுவும் வேணும்."

பாஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்கள் தொப்பிகளில் இருந்த அணிச் சின்னத்தையும் பார்த்தார். மலர்ந்த முகம் மெல்ல வேலை நாள் முகமானது. "சரி. எந்தக் காரணமா இருந்தா என்ன, காதுல விழட்டும்" என்றார்.

விழுந்தது. வாரந்தோறும் விழுந்தது. பூட்ஸ் சத்தம் வரும் இடத்தில் நாங்கள் எல்லோரும் உதடு அசைத்தோம். தும்மலுக்கு முன்கூட்டியே "ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்றோம். நாம ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

டிசம்பரில் ஆர்வில் வாக்கர் என்னும் கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. குழு அவசரமாகக் கூடியது. டெல்மர் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசை நடுவில் வைத்துப் பேசினார்.

"ஆர்வில்! இடுப்பு எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்குடா டெல்மர்! யாராவது வண்டியில கூட்டிட்டுப் போனா இந்த ஞாயித்துக்கிழமையே வந்திடுவேன். வீட்டுல தனியா ஆட்டம் பாக்கறது ஒரு மாதிரி இருக்கு. ஸ்கோர் விழுந்தா யாரைப் பாத்துக் கத்தறதுன்னு தெரியல. மார்லிஸ் நாற்காலியைப் பாத்துக் கத்திட்டு இருக்கேன்."

டெல்மர் தொண்டையைச் செருமினார். "ஆர்வில், நாம ஜெயிச்சிட்டு இருக்கோம்."

"ஆமா. பாத்தேன்" என்றார் ஆர்வில்.

"நீ விழுந்ததுல இருந்து ஜெயிச்சிட்டு இருக்கோம். விதி உனக்கே தெரியும்."

"நான்தானே போட்டேன்."

"நாங்க எதுவும் சொல்ல வரல. உன் இஷ்டம்தான்."

"இல்லடா. நான் வந்து நாம தோத்துட்டா அப்புறம் நான் எப்படித் தூங்கறது? வேணாம். நான் வரல." பிறகு அவரே தொடர்ந்தார். "நாற்காலியை எல்லாம் பாத்து மடிங்கடா. மூணாவது வரிசையில ஒண்ணு கையைக் கடிக்கும்."

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். தியாகம் என்றால் இதுவல்லவா! இந்த சீசனின் "மிகச் சிறந்த வராதவர்" என்ற பட்டத்தை அவருக்கு ஏகமனதாக வழங்கினோம். அவரது நாற்காலியைக் காலியாகவே முன்வரிசையில் போட்டு அதன்மேல் அணியின் கொடியைப் போர்த்தினோம். பார்ப்பவர்கள் அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அப்படியென்றால் நாம் அவரைப் போய்ப் பார்க்கலாமே என்று ஒருவர் மெதுவாக எழுப்பிய யோசனையை லைல் தக்க சமயத்தில் தடுத்தார். "ஜெயிச்ச மொத வாரம் நம்மள்ல எவனாவது போய்ப் பாத்தோமா? இல்ல. அப்ப இப்பவும் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமை மட்டும்தானா, மத்த நாளும் சேத்தியான்னு சந்தேகம் இருக்கு. சந்தேகம்னா எதுக்கு வம்பு?" பாஸ்டர் செவ்வாய்தோறும் போய் வந்தார், அது அவர் உத்தியோகம் என்பதால் கணக்கில் சேராது என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

இவ்வாறு, ஓர் ஊரே தன் நண்பர் ஒருவரை மனதார நேசித்து, மனதார மதித்து, அவர் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனது.

ஜனவரியில் அந்த ஆட்டம் வந்தது. ஜெயித்தால் இறுதிப் போட்டி. தோற்றால் அடுத்த செப்டம்பர்வரை வெறும் பனி. எதிரிகள் தெற்கத்திக்காரர்கள், ஜனவரியிலும் சட்டைக் கையை மடித்துவிட்டு நடமாடும் ஒழுக்கமற்ற கூட்டம். காலையில் பிரசங்கம் பிசகில்லாமல் நடந்தது. தும்மலும் வந்தது. மதியம் லைல் தோளைப் பற்றிப் புலம்பினார். டெல்மர் மளிகைப் பையைக் குறிப்பிட்டார். நான் படியில் காலை ஏற்றினேன். வெளியே பனி கொட்டியது.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாம பதினேழு, அவர்கள் மூன்று.

அப்போது சமையலறைக் கதவை ஒட்டிய கடைசி நாற்காலியிலிருந்து வெர்னா ஹால்வர்சன் எழுந்து வந்தார். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். வாரந்தோறும் எங்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஹாட் டிஷ் கொண்டு வருவார். மாட்டிறைச்சிமேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டது. அதைத் தின்றால் மாலைவரை யாருக்கும் கெட்ட எண்ணம் வராது. பாதி ஆட்டத்தில் அவர் வழக்கமாகச் சமையலறைப் பக்கம் போய்விடுவார். பாத்திரம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொள்வோம், நினைக்காமலும் இருப்போம்.

இன்று அவர் கையில் வெள்ளித்தாள் போர்த்திய ஒரு தட்டு இருந்தது. கோட்டு போட்டிருந்தார்.

"டெல்மர், உன் வண்டியைக் கொஞ்சம் எடுப்பா. என் காரை மறிச்சு நிறுத்தியிருக்க."

டெல்மர் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா விளையாடறியா? நான் இப்ப எந்திரிக்க முடியுமா?"

"பாதி ஆட்டம்தானே. விளம்பரம்தான் ஓடுது."

"பாதி ஆட்டத்துலயும் நான் எந்திரிச்சதில்ல. சீசன் பூரா எந்திரிச்சதில்ல. என் சிறுநீரகத்தைக் கேட்டுப் பாரு."

"சரி, சாவியைக் குடு. நானே எடுக்கறேன்."

"சாவி என் வலது பாக்கெட்ல இருக்கு. அது அங்கதான் இருக்கணும்."

"டெல்மர்..."

"பதினாலு புள்ளி முன்னாடி இருக்கோம் வெர்னா! பதினாலு! ஒரு தட்டுக்காகவா?"

மொத்த அடித்தளமும் "உக்காரும்மா" என்றது. வெர்னா சன்னல் வழியாகப் பனியைப் பார்த்தார். நடந்து போகலாமா என்று யோசித்திருக்க வேண்டும். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தட்டைக் கொதிகலன்மேல், சூடு ஆறாமலிருக்க, வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. எங்கள் பையன் எறிந்த முதல் பந்தே எதிராளி கைக்குப் போனது. அடுத்ததும் போனது. பந்து உண்மையாகவே அழுதுகொண்டு போவதுபோல இருந்தது. பதினேழுக்குப் பத்து. பதினேழுக்குப் பதினேழு.

அந்நேரம் சுவரில் இருந்த தேவாலயத் தொலைபேசி அடித்தது.

வெர்னா பாதி எழுந்தார். "யாரும் தொடக் கூடாது!" என்று கத்தினார் லைல். "ஜெயிச்ச வாரம் எதுலயும் போன் அடிக்கல! எடுத்தா அடிச்சதா ஆயிடும்!"

அது நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. நாங்கள் அசையவில்லை. எங்கள் கட்டுப்பாட்டை ராணுவங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசி நிமிடத்தில் இருபதுக்குப் பதினேழு என்று நாங்கள் பின்தங்கியிருந்தோம். சமன் செய்ய ஒரே ஓர் உதை. பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் போதும். போகவில்லை. இடது கம்பத்தில் முட்டி, யோசித்து, வெளியே விழுந்தது.

அந்த அமைதியில்தான் படிக்கட்டின் மேலே 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. தலைநிறையப் பனியோடு, வீட்டுச் சட்டைக்குமேல் கோட்டுடன், கைப்பிடிச் சட்டத்தை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு ஆர்வில் வந்தார். தரை கீறாமலிருக்க அதன் கால்களில் மாட்டியிருந்த டென்னிஸ் பந்துகள் பனிக்கட்டி உருண்டைகளாகியிருந்தன.

அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசி நாற்காலியில் பார்வை நின்றது.

"வெர்னா! நல்லாத்தான் இருக்கியா? அப்பாடா!" என்று மூச்சு வாங்கினார். "வரல வரலன்னு பாத்தேன். பனியில எங்கயோ விழுந்து கிடக்கறியோன்னு நெனச்சுட்டேன். வழி பூராப் பள்ளத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன். போன் பண்ணேன், யாரும் எடுக்கல."

"அடிச்சது கேட்டுச்சு" என்றார் டெல்மர். "எடுக்க முடியாது. ஜெயிச்ச வாரத்துல அடிக்கல."

"ஓ. அது சரி" என்றார் ஆர்வில். விதியை வகுத்தவர் அல்லவா, உடனே புரிந்துகொண்டார்.

வெர்னா எழுந்து ஆர்வில்லின் கோட்டிலிருந்து பனியைத் தட்டினார். முன்வரிசை நாற்காலியிலிருந்து கொடியை எடுத்து அவர் தலையைத் துவட்டினார். அவரை அங்கேயே உட்கார வைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார். வெள்ளித்தாளைப் பிரித்ததும் ஆவி வந்தது.

டெல்மர் விசாரணையைத் தொடங்கினார். "வெர்னா எதுக்கு ஆர்வில் வீட்டுக்குப் போகணும்?"

"வாராவாரம் போறேனே" என்றார் வெர்னா. "பாதி ஆட்டத்துல. தட்டைக் குடுத்துட்டு, அவன் சாப்பிடற வரைக்கும் உக்காந்துட்டு வருவேன்."

"வாராவாரமா?"

"அவன் விழுந்த மறுநாள்ல இருந்து. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"கேக்கவே இல்லையே. அதோட பாஸ்டர்தான் வாராவாரம் சொல்லிட்டே இருந்தாங்களே. நீங்க எல்லாருமே போறீங்க, வேற வேற நேரத்துலன்னு நெனச்சுட்டேன்."

நாங்கள் எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டோம்.

முதலில் தெளிந்தவர் லைல். ஒரு நிபுணரால்தான் முடியும். "அதான்!" என்று குதித்தார். "யோசிங்கய்யா! மொத வாரம் தட்டு போச்சு, ஜெயிச்சோம். ஒவ்வொரு வாரமும் தட்டு போச்சு, ஜெயிச்சோம். இன்னைக்குத் தட்டு போகல, தோத்தோம்! ஆர்வில் வராததால நாம ஜெயிக்கல. ஆர்வில்லுக்குத் தட்டு போனதால ஜெயிச்சோம்!"

அறை முழுக்கப் பெருமூச்சு. தோல்வியின் காரணம் தெரிந்துவிட்டால் அது பாதி வெற்றி. டெல்மர் எழுந்தார், அந்த சீசனில் முதல் முறையாக எழுந்தார். "நண்பர்களே, அன்புதான் ஜெயிக்குதுன்னு இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சு. அதனால அடுத்த சீசனுக்கு இப்பவே தீர்மானம். ஒண்ணு, பாதி ஆட்டத்துல தட்டு கட்டாயம் போகணும். ரெண்டு, வெர்னா காரை யாரும் மறிக்கக் கூடாது. மூணு, ஆர்வில் கட்டாயம் வீட்டுலயே தனியா இருக்கணும். அவன் இங்க வந்துட்டா தட்டு எங்க போகும்?"

ஆர்வில்லின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "ஆட்டம் முடிஞ்சப்புறம் வரலாமாடா? நாற்காலி மடிக்க மட்டும்?"

லைல் நெற்றியைச் சுருக்கினார். "ஜெயிச்ச வாரங்கள்ல நாற்காலியை யார் மடிச்சா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான்" என்றார், காபி எந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்த பாஸ்டர் சிக்ரிட். "மூணாவது வரிசையில ஒண்ணு கையைக் கடிக்குது."

"அப்ப முடியாது ஆர்வில். மன்னிச்சுக்க."

ஆர்வில் தலையாட்டினார். நியாயம் அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பார்க்கச் சகிக்காமல் இருந்தது என்று பாஸ்டர் பிறகு சொன்னார். அவருக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது.

வெர்னா கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். "தட்டு போகும் டெல்மர். கவலைப்படாதே. ஆனா நான் திரும்பி வரமாட்டேன். ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே அங்க போயிடுவேன், முடியற வரைக்கும் அங்கதான். ஸ்கோர் விழுந்தா அவனுக்குக் கத்த ஆள் வேணும்."

"அப்ப ஹாட் டிஷ்?" டெல்மரின் குரலில் அந்த சீசனிலேயே காணாத அச்சம் தெரிந்தது.

"அது என்கூட வரும். பசிக்கறவங்க அங்க வாங்க. கதவு திறந்துதான் இருக்கும். எந்த நாற்காலியில வேணும்னாலும் உக்காரலாம்."

ஆர்வில் கடைசி உருண்டையைத் தின்றுவிட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். வெர்னா அவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். நான் என் காலை எடுத்து வழிவிட்டேன். பிறகு பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் பனிவாரியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பினார். போகிறவர் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சீசன்தான் முடிஞ்சிடுச்சே. இனிமே நான் வேற பிரசங்கம் பேசலாமா?"

"தாராளமா பேசுங்க பாஸ்டர்" என்றார் டெல்மர். "செப்டம்பர்ல மட்டும் திரும்ப அதுக்கே வந்துடுங்க."

"அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க?" டெல்மர் மனைவியின் கண்ணாடியைக் கழற்றிப் பயபக்தியுடன் துடைத்தார். "சீசன் பூரா, வாராவாரம் கேட்டோம். எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுகூட மாறல. இதைவிட ராசியான பிரசங்கம் எங்க கிடைக்கும்?"

படியில் ஒரு காலை வைத்தபடியே நான் அதை வழிமொழிந்தேன்.